தொட்டு எழுப்பிய பிள்ளைகள்

என் எழுத்தில் பிழை இருக்கும். ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்குப் பிறகு கையெழுத்துப் போட மட்டும்தான் பேனா பிடித்தேன். இப்போது மறதி வேறு. போன வாரம் இந்தப் பத்திரிகையில், காஹாங் ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்கு ஒரே தண்ணீர்க் குழாய் என்று எழுதிவிட்டேன். இரண்டு குழாய், இரண்டாவது மாட்டுக் கொட்டகைப் பக்கம் என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் சொல்வதுதான் சரி. மன்னிக்கணும்.

இந்த வாரம் எழுதுவது ரொம்பப் பழைய கதை இல்லை. ஆனாலும் எழுதத் தயக்கமாக இருக்கிறது. இதில் நான் மறந்தது கொஞ்சம், மறைத்தது கொஞ்சம்.

புத்தகத்தில் விழுந்த டிக்

"மாக்சிக், இவ பேசுறாளா?" என்று மிஸ்ஸி கேட்டார்.

எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பக்கத்து கிளினிக்கில் பிள்ளைகளைப் பார்க்கிற அறை. சுவரில் யானைப் படம், ஒட்டகச்சிவிங்கிப் படம். மிஸ்ஸி என்றால் நர்ஸ், பெயர் ரோஹானி. மலாய்க்காரர், ஐம்பது வயது இருக்கும். மலாயில்தான் பேசுவார், நான் தமிழில் எழுதுகிறேன். மாக்சிக் என்றால் பெரியம்மா மாதிரி.

என் மடியில் கவிஷா. இரண்டு வயது முடிந்து சில மாதம். பால் டின் மூடி ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே போனாலும் அந்த மூடி வேண்டும் அவளுக்கு.

கவிஷாவின் அம்மா பிரேமா பக்கத்தில் நின்றாள். எங்கள் ஃபிளாட்டில் என் எதிர்வீடு. புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பாலத்தைத் தாண்டுவார்கள். பாலத்தில் ஜாம் என்றால் திரும்பி வரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். எட்டு மாதமாக இப்படித்தான்.

"நீங்கதான் சொல்லணும் ஆயாம்மா. நாள் பூரா உங்ககூடத்தானே இருக்கா" என்றாள் பிரேமா.

எனக்கு நாலு பேர் பார்த்தாலே வாய் ஒட்டிக்கொள்ளும். "பேசும். சின்னச் சின்னதா" என்றேன்.

"பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புறாளா?"

"திரும்பும்."

மிஸ்ஸி பிள்ளையின் புத்தகத்தில் ஒரு டிக் போட்டார். பிரேமா மூச்சு விட்டாள். "நான் சொன்னேன்ல மிஸ்ஸி, இவ அப்பாவும் லேட்டாத்தான் பேசினாராம்" என்று சிரித்தாள்.

வெளியே வந்து லிஃப்டுக்குக் காத்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இந்த எட்டு மாதத்தில் நான் அவளை ஒரு தடவைகூடப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

சத்தம் இல்லாத கொட்டகை

அது எப்படி, பிள்ளை பார்க்கிறவள் பிள்ளையைக் கூப்பிடாமல் இருப்பாளா என்று கேட்பீர்கள். அதற்குக் காஹாங் போகணும்.

தோட்டத்தில் அம்மாமார்கள் ரப்பர் பால் மரம் வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடத்துக்கு ஆயாக் கொட்டகை என்று பெயர். பலகைச் சுவர், தகரக் கூரை. உத்தரத்தில் வரிசையாகத் துணித் தொட்டில்கள். பதினெட்டோ இருபதோ. எனக்கு வேலை கிடைத்தபோது எனக்கே பதினாறு வயதுதான்.

பெரியாயா என்று ஒருத்தி அங்கே மேலாள். தடித்த உடம்பு, பூனை மாதிரி நடப்பாள். முதல் நாளே என்னிடம், "பேர் சொல்லிக் கூப்பிட்டே, தொலைச்சுப்புடுவேன்" என்றாள். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டால் அஞ்சு பிள்ளை முழித்துக்கொள்ளும், அஞ்சு அழுதால் இருபதும் அழும். அதனால் எழுப்புகிற பிள்ளையின் உள்ளங்காலில் இரண்டு விரலை வைக்கணும். லேசாக, மாவு பதம் பார்க்கிற மாதிரி. பிள்ளை பயப்படாமல் முழிக்கும்.

எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்துவிட்டது. ஏனென்றால் என் குரல் எனக்குப் பிடிக்காது. தோட்டத்துப் பள்ளியில் வாத்தியார் பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்வார். நான் எழுந்தால் குரல் கீச்சென்று வரும். பின் வரிசையில் எலி மாதிரிக் கத்திக் காட்டுவார்கள். வாத்தியாரும் ஒரு நாள் சிரித்தார். அன்றைக்கு மூடிய வாய்தான். சத்தமே போடக் கூடாத வேலை கிடைத்தபோது சாமி கொடுத்தது என்று நினைத்தேன்.

தோட்டத்துத் தொரையும் ஆஸ்பத்திரி டிரஸரும் சுற்றிப் பார்க்க வந்தால் எங்கள் கொட்டகையைத்தான் காட்டுவார்கள். "இத்தனை பிள்ளை இருக்கு, ஒரு சத்தம் இருக்கா பாருங்க" என்பார் டிரஸர். பெரியாயா பல் தெரியாமல் சிரிப்பாள். சத்தம் இல்லாத கொட்டகை நல்ல கொட்டகை. அப்படித்தான் எல்லோரும் நினைத்தோம்.

மழையில் தூங்கிய சின்னராசு

அந்தத் தொட்டில்களில் ஒன்று சின்னராசுடையது. அவன் அம்மாவுக்கு அவனுக்கு முன்னால் இரண்டு பிள்ளை போய்விட்டது.

தகரக் கூரையில் மழை விழுந்தால் எப்படி இருக்கும் என்று தோட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஒரு லாரி கல்லைத் தலையில் கொட்டுகிற மாதிரி. இருபது பிள்ளையும் ஒரே நேரத்தில் அழும். சின்னராசு மட்டும் வாயைத் திறந்துகொண்டு தூங்குவான். பெரியாயா அவன் தொட்டிலைக் காட்டி, "பிள்ளைன்னா இது பிள்ளை!" என்பாள். சாயங்காலம் அவன் அம்மாவிடம் நானும் சொல்வேன். "தங்கமான பிள்ளைக்கா. இடி விழுந்தாலும் அசையமாட்டான்."

அவள் முகம் மலர்ந்துபோகும். அதைப் பார்க்கவே நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

அவனைப் பள்ளியில் சேர்த்தார்கள். அப்போதுதான் பேச்சு வரவில்லை என்று தெரிந்தது. ஊமை என்றார்கள், புத்தி மட்டு என்றார்கள். வாத்தியார் கடைசிப் பெஞ்சில் உட்காரவைத்தார். கொஞ்ச நாளில் அதுவும் நின்றுபோயிற்று. காது கேட்காது என்று யார், எப்போது கண்டுபிடித்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் கல்யாணமாகிப் போய்விட்டேன்.

ரொம்ப வருஷம் கழித்துக் குளுவாங் பஸ் நிலையத்தில் அவனைப் பார்த்தேன். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. பழக்கடையில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தான். என்னை அவன்தான் முதலில் அடையாளம் கண்டான். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் சேர்த்துத் தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஆட்டிக் காட்டினான். சிரித்தான். ஒரு பப்பாளியைத் தாளில் சுற்றி என் பையில் போட்டான்.

வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மூன்று வருஷம் அவன் உள்ளங்காலைத் தொட்டு எழுப்பியிருக்கிறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால்.

அந்தப் பப்பாளியை நான் சாப்பிடவில்லை.

கூப்பிட்டுப் பார்த்தேன்

கிளினிக்கிலிருந்து வந்த மறுநாள், கவிஷா கூடத்தில் மூடியை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் அவள் பின்னால், அடுப்படி வாசலில் நின்றேன். கூப்பிட வாய் வரவில்லை. ஆள் இல்லாத வீட்டில், ஒரு பிள்ளைக்கு முன்னால், எனக்கு வெட்கம்.

"கவி" என்றேன். அவள் திரும்பவில்லை.

"கவிஷா." மூடி உருண்டது.

என் குரல் சின்னது, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போய்த் தோளைத் தொட்டேன். உடனே திரும்பிச் சிரித்தாள். எட்டு மாதமாக எங்களுக்குள் அப்படித்தான். நான் தொடுவேன், அவள் திரும்புவாள். ஊருக்கெல்லாம், "தொந்தரவே இல்லாத பிள்ளை" என்று சொல்லியிருக்கிறேன்.

யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று மறைக்காமல் எழுதிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம். மகன் வெளிநாட்டில். அவன் ஞாயிற்றுக்கிழமை போனில், "சாப்டியாம்மா" என்பான், "சாப்டேன்" என்பேன், அவ்வளவுதான். கவிஷா வருவதற்கு முன்னால் இரண்டு மூன்று நாள் வாயே திறக்காமல் இருந்திருக்கிறேன். பிள்ளைக்குக் குறை என்று தெரிந்தால் பிரேமா வேறு இடம் பார்ப்பாள். மறுபடியும் நானும் ஃபேன் சத்தமும்தான்.

ஐந்து வாரம் அப்படியே ஓட்டினேன். அது நான் செய்த தப்பு. தெரியாமல் செய்ததில்லை.

பாய் கடைப் புதன்கிழமை

மிஸ்ஸி ரோஹானி சும்மா இருக்கிறவர் இல்லை. கிளினிக்குக்குப் பிள்ளையைத் தூக்கி வருகிறவர்கள் பாதிப்பேர் அம்மாக்கள் இல்லை, என்னைப் போலப் பார்த்துக்கொள்கிறவர்கள் என்று கவனித்திருக்கிறார். அவர்களை ஒன்றுசேர்க்க இடம் தேடினார். ஃபிளாட்டுக்குக் கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஜமால் பாய், "பத்து மணியிலேர்ந்து பதினொன்றரை வரைக்கும் என் கடை தூங்கும். வந்து எழுப்புங்க" என்றாராம். அவருக்குப் பூர்வீகம் தமிழ்நாட்டுக் கடற்கரைப் பக்கம். குரல் மட்டும் இன்னும் கடலைத் தாண்டிக் கேட்கும்.

புதன்கிழமைகளில் மேசையை ஓரம் தள்ளிப் பாய் விரிப்போம். மிஸ்ஸி ஒரு பெட்டி நிறைய விளையாட்டுச் சாமான் கொண்டுவருவார். மூன்றாம் மாடிச் சீனத் தாத்தா பேரனோடு வருவார். இரண்டு இந்தோனேசியப் பெண்கள் வருவார்கள். பிள்ளைகள் விளையாடும்போது பெரியவர்கள் ஒவ்வொருவரும் அந்த வாரத்தைப் பற்றி ஏதாவது பேசணும். அதுதான் மிஸ்ஸியின் சட்டம். சீனத் தாத்தா முழங்கால் வலியைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். என் முறை வந்தால், "நல்லா இருக்கேன்" என்பேன்.

"ஆயாம்மா வாய்க்கு யாரோ பூட்டுப் போட்டுச் சாவியை எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்பார் பாய். "பேசுங்கம்மா! சத்தம் இல்லாத கடைக்கு எவன் சாப்பிட வருவான்?"

நான் தேத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஐந்தாவது புதன்கிழமை என்று நினைக்கிறேன். கடை வேலையாள் ஒருவர் கண்ணாடிக் கிளாஸ் அடுக்கிய தட்டோடு வழுக்கிவிட்டார். முப்பது கிளாஸாவது இருக்கும். அந்தச் சத்தத்தில் சீனத் தாத்தாவே எழுந்து நின்றுவிட்டார். பிள்ளைகள் எல்லாம் வீறிட்டன. "அலாமாக்!" என்று மிஸ்ஸி ஓடினார். பாய் திட்ட ஆரம்பித்தார். எல்லோரும் உடைந்த கிளாஸைப் பார்த்தார்கள்.

நான் மட்டும் கவிஷாவைப் பார்த்தேன். அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து மூடியை உருட்டிக்கொண்டிருந்தாள். தோள்கூட அசையவில்லை.

தகரக் கூரையில் மழை பெய்தது எனக்கு. சின்னராசு வாயைத் திறந்து தூங்கினான்.

யாரும் பார்க்கவில்லை. நான் சும்மா இருந்தால் அந்த நாளும் போயிருக்கும்.

"மிஸ்ஸி" என்றேன். கேட்கவில்லை. எழுந்து நின்றேன். "மிஸ்ஸி!" என்று கத்தினேன். அந்தக் கீச்சுக் குரல்தான் வந்தது. கடையே திரும்பியது.

"இந்தப் பிள்ளைக்குக் காது கேக்கலை. நான் அன்னிக்குப் பொய் சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. பாய் மெல்ல நடந்து வந்து கவிஷாவுக்குப் பின்னால் குனிந்தார். அடுப்படிக்கு டீ ஆர்டர் சொல்கிற குரலில், "தே தாரே சத்து!" என்று கத்தினார். தெருவில் போன ஒரு மோட்டார்சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார். கவிஷா திரும்பவில்லை.

பாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மிஸ்ஸி என் கையைப் பிடித்துக்கொண்டார். "திட்டு வாங்குறது பிறகு, மாக்சிக். முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதலாம்" என்றார்.

பிரேமா கேட்டது

திட்டு அன்று சாயங்காலமே கிடைத்தது. பிரேமா செருப்பைக்கூடக் கழற்றாமல் என் வாசலில் நின்றாள்.

"எட்டு ஒன்பது மாசம் ஆயாம்மா. கூடவே இருந்தீங்க. நான்தான் இல்லை. நீங்க இருந்தீங்கள்ல?"

"இருந்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"நீ தூக்கிட்டுப் போயிடுவேன்னு பயம்மா."

அவள் அழுதாள். என்மேல் கோபமா, அவள்மேலேயா, தெரியவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். மறுநாள் பிள்ளை வராது என்று நினைத்தேன். விடியுமுன் கதவு தட்டியது. அவளுக்கு வேறு வழியில்லை, அவ்வளவுதான். அது மன்னிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும்.

பெரியாஸ்பத்திரிக்கு மிஸ்ஸி கடிதம் எழுதினார். ஒன்று இல்லை, பல கடிதம். பிரேமாவுக்கு லீவு கிடைக்காத நாளில் பாய் தன் வேனில் எங்களைக் கூட்டிப்போனார். கறிவேப்பிலை வாசம் அடிக்கிற வேன். சீனத் தாத்தாவும் கூட வந்தார். எதற்கு என்று கேட்டால், "எனக்கும் காது மெஷின் இருக்கு, பிள்ளைக்குக் காட்டணும்" என்றார். காத்திருக்கிற இடத்தில் தன் மெஷினைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி அவளுக்குக் காட்டினார். அவள் பால் டின் மூடியைத் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

சில மாதத்தில் கவிஷாவுக்கு மெஷின் வந்தது. இரண்டு காதிலும் இளஞ்சிவப்பில்.

பாய் சந்தோஷத்தில், "தினமும் கடைக்குக் கொண்டுவாங்க, நாங்க பேசுற பேச்சுல ஒரு வாரத்துல பாட்டே பாடுவா" என்றார். மெஷின் மாட்டிவிட்ட ஆஸ்பத்திரிப் பெண் கூடாது என்று தலையாட்டினாள். சத்தமான இடத்தில் மெஷினுக்கு எல்லாம் கலந்துபோகுமாம். புதன்கிழமை விளையாட்டு சரி. மற்ற நாளில் அமைதியான வீடு வேண்டும், பக்கத்தில் முகத்தைப் பார்த்து ஒரு குரல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். "யார் வீட்டில் இருப்பீங்க?" என்று கேட்டாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வெங்காயத்திடம் பேசினேன்

என்ன பேசுவது என்றே எனக்குத் தெரியவில்லை. மிஸ்ஸி ஒரு வழி சொன்னார். செய்கிறதைச் சொல்லணும், அவ்வளவுதான்.

"இப்ப வெங்காயம் உரிக்கிறேன். கண்ணு எரியுது. தண்ணி ஊத்துறேன். தண்ணி சில்லுன்னு இருக்கு." இப்படி. முதல் நாள் பத்து நிமிஷத்தில் தொண்டை கட்டியது. ஜன்னலைச் சாத்திவிட்டுப் பேசினேன், கீழே யாருக்காவது கேட்டுவிடும் என்று. சில வாரம் கழித்து ஜன்னலைத் திறந்தேன். வியர்த்துக் கொட்டியது, அதனால்தான்.

என் கீச்சுக் குரல் அவளுக்குப் பிடித்திருந்தது. என் உதட்டில் விரலை வைத்துப் பார்ப்பாள். அந்த மெஷினுக்குச் சின்னக் குரல், பெரிய குரல் என்று எதுவும் இல்லை போலிருக்கிறது.

கஞ்சி சூடாக இருந்தால் கிண்ணத்தை முகத்துக்கு நேராகப் பிடித்து, "ஊது, ஊது" என்பேன். நான் ஊதுவேன். அவள் என் வாயைப் பார்ப்பாள். தினமும் மூன்று வேளை.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை இருக்கும், கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தேன். நான் வாயைத் திறக்குமுன் அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஊ...து."

கரண்டி என் கையிலிருந்து விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு அவள் திரும்பினாள்.

யாரிடமாவது சொல்லணும் போல இருந்தது. வாசல்வரை ஓடினேன். நின்றுவிட்டேன். பிரேமா அந்த நேரம் சிங்கப்பூரில் ஃபாக்டரி மிஷினுக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பாள். "நான்தான் இல்லை" என்று அன்று அவள் சொன்னது காதில் விழுந்தது. திரும்பி வந்து கஞ்சியை ஊட்டினேன். இன்னும் இரண்டு தடவை சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம் எதிர்வீட்டில் ஒரே கூச்சல். பிரேமா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "ஆயாம்மா! ஆயாம்மா! என் காப்பியப் பார்த்து ஊதுன்னு சொல்றா! முதல் பேச்சு! என்கிட்டதான் சொன்னா!"

"ஐயோ, பேசிட்டாளா!" என்றேன். சத்தமாகவே சொன்னேன். அதற்குள் நான் பழகியிருந்தேன். அன்றைக்குத்தான் அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள்.

இப்போது

நான் பயந்தது நடந்துவிட்டது. கூலாயில் பிரேமாவின் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு இருக்கிறதாம். நல்ல வகுப்பு என்று மிஸ்ஸியே சொன்னார். அங்கே குடிபோய்விட்டார்கள். எதிர்வீட்டில் வேறு ஆள். சலாம் சொல்வார்கள், நானும் சொல்வேன்.

புதன்கிழமை பாய் கடைக்குப் போகிறேன். பிள்ளை இல்லாமல் போவது கொஞ்சம் கூச்சம்தான். புதிதாக யாராவது பிள்ளையைத் தூக்கிவந்து, "ரொம்ப அமைதியான பிள்ளை, தொந்தரவே இல்லை" என்றால் பாய் என்னைத்தான் பார்ப்பார். நான் எழுந்து அந்தப் பிள்ளைக்குப் பின்னால் போய் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவேன். அது இப்போது என் வேலை.

மற்ற ஆறு நாளும் வீட்டில்தான். வாய் நிற்கவில்லை. "இப்ப விளக்கைப் போடறேன். இப்ப சோறு வடிக்கிறேன்." கஞ்சியை ஊதும்போது அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் ஊதுகிறேன். பதில் வருகிறதா என்று ஒரு நொடி நிற்பேன். பிறகு சாப்பிடுவேன்.

பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேதி, மாதக் கணக்கு எல்லாம் எனக்குக் குழம்பிவிட்டது. பிள்ளை எத்தனை மாதம் என்னிடம் இருந்தாள், மெஷின் எப்போது வந்தது என்பதெல்லாம் பிரேமாவுக்குச் சரியாகத் தெரியும். யாராவது அவளிடம் கேட்டுத் திருத்திப் போடுங்கள். அவள் மலாய்ப் பள்ளியில் படித்தவள், தமிழ் வாசிக்க வராது, அதனால் நீங்கள்தான் கேட்கணும். பிள்ளை முதலில் பேசியது எந்த நாள் என்று கேட்டால் சனிக்கிழமை என்பாள். அதையே எழுதிக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமையைப் பற்றி அவளிடம் சொல்ல வேண்டாம்.